ஒரே நோயாளியின் மரபணு வெளிப்பாட்டுத் தரவைப் பகுப்பாய்வு செய்வது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

வகுப்பில் நாம் கற்கும் மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வு (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை ஆர்என்ஏ அளவைக் கொண்டு அறிவது) பெரும்பாலும் இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாகவே இருக்கிறது. நோயுற்றவர்கள் இத்தனை பேர், நலமானவர்கள் இத்தனை பேர், எந்தெந்த மரபணுக்களில் இரு குழுக்களின் சராசரிகளும் வேறுபடுகின்றன என்பதே அங்கு கேள்வி. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ற சிகிச்சையைத் தேடும் துல்லிய மருத்துவத்தில் உங்கள் மேசைக்கு வருவது ஒரு நோயாளியின் ஒரே ஒரு ஆர்என்ஏ மாதிரி. அந்த நோயாளியின் உடலில் எது வழக்கத்துக்கு மாறாக இயங்குகிறது என்று மருத்துவர் கேட்கிறார். குழுச் சராசரியை வைத்து அதற்கு விடை சொல்ல இயலாது. இதற்கான முறைகள் ஆய்வுக்கட்டுரைகளிலும் மென்பொருள் கையேடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்க நான் நெடுநாள் தடுமாற வேண்டியிருந்தது. அடுத்து வருபவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் குறைய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு அதன் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. அந்த ஏற்ற இறக்கத்தை வேறெங்கிருந்தாவது கடனாகப் பெற்றாக வேண்டும்: வேறு மனிதர்களிடமிருந்தோ, அதே நோயாளியின் மற்ற மரபணுக்களிடமிருந்தோ, ஒரு முன்அனுமானத்திலிருந்தோ. எங்கிருந்து பெறுகிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். எந்த மென்பொருளை ஓட்டினீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள்

நடைமுறையில் நான்கு வகையான கேள்விகள் வருகின்றன. முதலாவது, நோயாளியின் கட்டியை அவருடைய சொந்த இயல்புத் திசுவோடு ஒப்பிடுவது. 2019-இல் முடிவுகள் வெளியான வின்தர் மருத்துவப் பரிசோதனை இந்த வழியைப் பயன்படுத்தியது. அதில் சிகிச்சை பெற்ற 107 பேரில் 69 பேருக்கு டிஎன்ஏ மாற்றங்களின் அடிப்படையிலும், 38 பேருக்குக் கட்டிக்கும் இயல்புத் திசுவுக்கும் இடையிலான ஆர்என்ஏ வேறுபாட்டின் அடிப்படையிலும் மருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

இரண்டாவது, நோயாளியின் கட்டியைப் பிற நோயாளிகளின் கட்டிகளோடு ஒப்பிடுவது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் இயங்கும் ட்ரீஹவுஸ் குழந்தைப் புற்றுநோய்த் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு குழந்தையின் கட்டியை ஆயிரக்கணக்கான கட்டிகள் அடங்கிய தொகுப்போடு ஒப்பிட்டு, அளவுக்கு மீறி வெளிப்படும் மரபணுக்களை அவர்கள் கண்டறிகிறார்கள்.

மூன்றாவது அரிய பரம்பரை நோய்கள். எக்ஸோம் சோதனையிலும் (டிஎன்ஏவில் புரதங்களுக்கான பகுதிகளை மட்டும் படிப்பது) காரணம் தெரியாத நோயாளியின் தோல் அல்லது தசைச் செல்களில் ஏதாவது ஒரு மரபணு அடங்கிப்போயிருக்கிறதா என்று தேடுவது. மைட்டோகாண்ட்ரியா நோய்கள் பற்றி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்விதம் காரணம் தெரியாதிருந்த 48 பேரில் 5 பேருக்கு ஆர்என்ஏ வழியாக நோயறுதி கிடைத்தது. நான்காவது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே நோயாளியிடம் எடுத்த மாதிரிகளை ஒப்பிடுவது.

இந்த நான்கில் எது உங்களுடையது என்று எழுதி, மருத்துவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மாதிரி வந்து சேர்ந்த பிறகு கேள்வியை மாற்றினால் ஒப்பீட்டுத் தொகுப்பும் ஆய்வகச் செய்முறையும் பொருந்தாமல் போய்விடும்.

2. ஆவணங்களை முதலில் முடியுங்கள்

எல்லாவற்றிலும் அதிக காலம் பிடிப்பது இதுதான். இந்தியாவில் பணிபுரிபவராக இருந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டாகச் செய்தாலோ, வெளிநாட்டு நிதி வந்தாலோ, சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அனுமதியும் தேவைப்படும். மாதிரி உங்கள் நிறுவனத்தை விட்டு வெளியே போவதாக இருந்தால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தையும் உடன் தயார் செய்யுங்கள்.

நோயாளியின் ஒப்புதல் படிவத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: ஆர்என்ஏ வரிசைப்படுத்தல் செய்யப்படும் என்பது, தரவு எங்கே எவ்வளவு காலம் சேமிக்கப்படும் என்பது, எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாமா என்பது, தேடாமலேயே தெரியவரும் பரம்பரைத் தகவலை நோயாளிக்குச் சொல்ல வேண்டுமா என்பது. கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்என்ஏ தரவுதானே என்று எண்ண வேண்டாம். வரிசைத் துணுக்குகளில் நோயாளியின் பரம்பரை மாற்றங்கள் அப்படியே தெரியும், அவற்றிலிருந்து ஆளையும் அடையாளம் காண முடியும். ஆகையால் மூலக் கோப்புகளை டிஎன்ஏ தரவுக்குரிய பாதுகாப்போடு வைத்திருங்கள்.

மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் பழைய பாரஃபின் பிளாக்குகளை (மெழுகில் பதித்துச் சேமித்த திசுக்களை) பயன்படுத்துவதாக இருந்தாலும் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும். தனி ஒப்புதலிலிருந்து விலக்கு அளிப்பது அந்தக் குழுவின் அதிகாரம். நீங்களாகவே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

ஒப்பீட்டுக்கு வேண்டிய பொதுத் தரவுகளில் பெரும்பகுதி திறந்த நிலையில் கிடைக்கிறது. மூல வரிசைக் கோப்புகள் வேண்டுமென்றால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் டிபிகேப் (dbGaP) என்ற கட்டுப்படுத்தப்பட்ட தரவுத்தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஈஆர்ஏ காமன்ஸ் (eRA Commons) என்ற அவர்களுடைய இணையதளத்தில் கணக்கும், உங்கள் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற அலுவலரும் தேவை. பல கல்லூரிகளில் அப்படி ஓர் அலுவலர் பதிவு செய்யப்பட்டே இருப்பதில்லை. அவரைப் பதிவு செய்யவே வாரக்கணக்கில் ஆகலாம். கட்டணம் கிடையாது, ஆனால் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் இதையும் தொடங்கிவிடுங்கள்.

3. மாதிரியை அனுப்பும் முன் ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

ஒப்பீட்டுத் தொகுப்பு எந்தச் செய்முறையில் உருவானதோ அதே செய்முறையில் உங்கள் மாதிரியும் உருவாக வேண்டும். குறிப்பாக, பாலி-ஏ வால் கொண்ட ஆர்என்ஏவைப் பிடித்தெடுக்கும் முறையும் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. பாலி-ஏ முறையில் அமைந்த தொகுப்போடு மற்ற முறையில் வந்த மாதிரியை ஒப்பிட்டால், பாலி-ஏ வால் இல்லாத ஹிஸ்டோன் மரபணுக்கள் போன்றவை பட்டியலின் மேலே வந்து நிற்கும். அதற்கு நோய் காரணமாக இருக்காது, வேதியியல்தான் காரணம்.

விலைப்பட்டியல் கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஆர்என்ஏ பிரித்தெடுத்தல், தரச் சோதனை, நூலகத் தயாரிப்பு (ஆர்என்ஏவை வரிசைப்படுத்தும் கருவிக்கு ஏற்ற துணுக்குகளாக மாற்றுவது), வரிசைப்படுத்தல், தரவு அனுப்புதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள். தரச் சோதனையில் மாதிரி தேறாவிட்டால் எதற்கு மட்டும் கட்டணம் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். ஒரே ஒரு மாதிரியை ஆய்வகங்கள் தனியாக ஓட்டுவதில்லை. மற்றவர்களுடைய மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பார்கள் என்பதால், அந்தக் காத்திருப்பின் உச்ச வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறைநிலைத் திசுவானால், ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்பதை 1 முதல் 10 வரை காட்டும் ஆர்ஐஎன் மதிப்பு 7-க்கு மேல் இருப்பது நல்லது. பாரஃபின் பிளாக்கானால் அந்த அளவுகோல் பயன்படாது. 200 நியூக்ளியோடைடுகளைவிட நீளமான துணுக்குகளின் விழுக்காடான டிவி200 மதிப்பைக் கேளுங்கள். அது 30-க்குக் கீழே இருந்தால் பணத்தைச் செலவழிக்காமல் வேறு பிளாக் தேடுவதே மேல். திசு எடுத்ததிலிருந்து உறைய வைத்தது வரை எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் அறுவை அரங்கில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் ஃபாஸ், ஜூன் போன்ற மரபணுக்கள் தாமாகவே உயரும்.

இன்னொரு செலவை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். அளவுகள் ஏற்கெனவே தெரிந்த ஒரு பொது ஒப்பீட்டு ஆர்என்ஏவை, உங்கள் நோயாளியின் மாதிரி ஓடும் அதே தொகுதியில் (ஒன்றாகச் செயலாக்கப்படும் மாதிரிகளின் கூட்டத்தில்) ஓட்டச் சொல்லுங்கள். ஒரு தொகுதியில் ஒரே நோயாளிதான் இருக்கிறார் என்றால் தொகுதி விளைவையும் நோயாளியின் தனித்தன்மையையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. தொகுதி விளைவைத் திருத்தும் காம்பேட் (ComBat) போன்ற கருவிகளும் இங்கே உதவாது. கூடவே ஓடிய அந்த ஒப்பீட்டு மாதிரியில் ஒரு மரபணு வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தால், நோயாளியின் மாதிரியிலும் அதை நம்ப வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

4. ஒப்பீட்டுத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

முழு வேலையிலும் அதிகமாகச் சிந்திக்க வேண்டிய இடம் இது. இங்கே கொடுக்கும் நேரத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பொதுவில் கிடைப்பவற்றில் முக்கியமானவை இவை. டிசிஜிஏ (TCGA) என்ற புற்றுநோய்த் தொகுப்பு 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைக் கொண்டது. புற்றுநோயில்லாத திசுக்களைக் கொண்ட ஜிடெக்ஸ் (GTEx) தொகுப்பின் எட்டாம் பதிப்பில் 54 திசு வகைகளிலிருந்து 17,382 ஆர்என்ஏ மாதிரிகள் உள்ளன. ரீகவுண்ட்3 மனிதன், எலி இரண்டிலுமாக 7,50,000-க்கும் அதிகமான மாதிரிகளை ஒரே பைப்லைனில் (செயலாக்கப் படிகளின் நிலையான வரிசையில்) செயலாக்கித் தருகிறது. ட்ரீஹவுஸ் தன் கட்டித் தொகுப்பின் வெளிப்பாட்டு அளவுகளைத் திறந்த நிலையில் வெளியிடுகிறது.

முதல் பொறி: இரண்டு தளங்களிலிருந்து அளவுகளை இறக்கி அப்படியே ஒட்டுவது. எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கும் பட்டியல் ஜென்கோடு (GENCODE). ஜிடெக்ஸ் எட்டாம் பதிப்பு ஜென்கோடு 26-ஐயும், டிசிஜிஏ தரவை வழங்கும் ஜிடிசி தளம் இப்போது ஜென்கோடு 36-ஐயும் பின்பற்றுகின்றன. மரபணுக்களின் எல்லைகளே வேறாக இருக்கும்போது அளவுகள் எப்படி ஒத்துப்போகும்? இதைத் தவிர்க்க, எல்லா மாதிரிகளையும் ஒரே பைப்லைனில் மீண்டும் செயலாக்கிய தொகுப்பையே எடுங்கள். டாயில் என்ற பைப்லைனில் டிசிஜிஏ, ஜிடெக்ஸ் உள்ளிட்ட 20,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் ஜென்கோடு 23-ஐக் கொண்டு மறுசெயலாக்கம் செய்யப்பட்டு, ஜீனா (UCSC Xena) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் நோயாளியின் மூலக் கோப்பையும் அதே பைப்லைனில், அதே பதிப்பில் ஓட்டுங்கள்.

இரண்டாம் பொறி: இயல்புத் திசு என்ற பெயரை நம்பிவிடுவது. டிசிஜிஏவில் இயல்பு என்று குறிக்கப்பட்டவை கட்டிக்கு அருகிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை நலமான ஒருவரின் திசுவைப் போல இருப்பதில்லை. ஜிடெக்ஸ் மாதிரிகளோ பெரும்பாலும் இறந்த கொடையாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. இறப்புக்கும் மாதிரி எடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் வெளிப்பாட்டை மாற்றும், இரத்த மாதிரிகளில் இது மிகுதி. உங்கள் நோயாளியோ உயிரோடிருக்கிறார். இந்த வேறுபாட்டையே நோயின் அடையாளம் என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

மூன்றாம் பொறி: தொகுப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று கருதுவது. நரம்புமூலக் கட்டியுள்ள ஒரு குழந்தையை எல்லாப் புற்றுநோய்களோடும் ஒப்பிட்டால், அந்தத் திசுவுக்கே உரிய நரம்பு மரபணுக்கள் எல்லாம் விலகலாகத் தெரியும். அதே வகைக் கட்டிகளோடு மட்டும் ஒப்பிட்டால், அந்த நோய்க்கே பொதுவாக உயர்ந்திருக்கும் மருந்து இலக்கு மறைந்துபோகும். ஆகவே இரண்டு ஒப்பீடுகளையும் தனித்தனியே செய்து, எந்த மரபணு எதில் தெரிந்தது என்பதைப் பிரித்து எழுதுங்கள். ட்ரீஹவுஸ் குழுவும் எல்லாப் புற்றுநோய்களோடும் ஒன்று, ஒத்த நோய்களோடு மற்றொன்று என இரண்டு ஒப்பீடுகளைச் செய்கிறது. என் அனுபவத்திலும் இதைவிட நேர்மையான வழி வேறொன்றைக் காணவில்லை.

அரிய நோயில் விலகிய மரபணுக்களைக் கண்டறியும் அவுட்ரைடர் (OUTRIDER) போன்ற கருவிகளுக்கு, அதே திசுவில் அதே செய்முறையில் குறைந்தது 50 மாதிரிகளாவது வேண்டும். உங்களிடம் பத்துதான் இருக்கிறது என்றால் பொதுத் தரவிலிருந்து ஒத்த செய்முறை உள்ளவற்றைத் தேடிச் சேர்த்த பிறகே தொடங்குங்கள்.

5. இது உங்கள் நோயாளியின் மாதிரிதானா என்று சரிபாருங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் தவிர்க்கவே கூடாது. எக்ஸ்ஐஎஸ்டி (பெண்களிடம் வெளிப்படுவது), ஆர்பிஎஸ்4ஒய்1 (ஆண்களிடம் வெளிப்படுவது) என்ற இரண்டு மரபணுக்களைப் பார்த்தால் மாதிரி பெண்ணுடையதா ஆணுடையதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டி, இயல்புத் திசு இரண்டும் இருந்தால் அவற்றின் பரம்பரை மாற்றங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது மாதிரியில் கட்டிச் செல்கள் எவ்வளவு என்பது. கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலிருந்து எடுத்த பயாப்சியில் அல்புமின் மரபணு மிக உயர்ந்து தெரிந்தால், அது பெரும்பாலும் ஊசியில் சேர்ந்து வந்த கல்லீரல் செல்களே. நிணநீர்க் கணுவிலிருந்து வந்த மாதிரியில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் உயர்ந்திருப்பதும் அப்படித்தான். நோய்க்கூறு மருத்துவர் சிலைடைப் பார்த்துத் தரும் கட்டிச் செல் விழுக்காட்டைக் கேட்டுப் பெற்று, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

6. ஒப்பீட்டு அளவுகளை உறைய வையுங்கள்

குழுப் பகுப்பாய்வில் எல்லா மாதிரிகளையும் சேர்த்து ஒன்றாகச் சமன்படுத்துவது வழக்கம். தனி நோயாளிக்கு அது ஆபத்தானது, ஏனென்றால் நாளை இன்னொரு நோயாளி சேர்ந்தால் இன்றைய நோயாளியின் முடிவு மாறிவிடும். மருத்துவருக்குக் கொடுத்த அறிக்கை ஒரு வாரத்தில் மாறுவதை யாரும் ஏற்க மாட்டார்கள். எனவே சராசரி, இடைநிலை, சிதறல் ஆகிய எல்லா அளவுகளையும் ஒப்பீட்டுத் தொகுப்பிலிருந்து ஒருமுறை கணக்கிட்டு, அவற்றை ஒரு கோப்பில் நிலையாக வைத்து, ஒவ்வொரு புதிய நோயாளியையும் அதே கோப்போடு ஒப்பிடுங்கள். வரிசைப்படுத்தலுக்கு முன் சில்லுகளால் வெளிப்பாட்டை அளந்த மைக்ரோஅரே காலத்தில் எஃப்ஆர்எம்ஏ என்ற முறை செய்ததும் இதுவே.

இதன் முக்கியத்துவத்தை மார்பகப் புற்றுநோயின் பாம்50 வகைப்படுத்தல் நன்றாகக் காட்டுகிறது. 50 மரபணுக்களைக் கொண்டு கட்டியை லூமினல் ஏ, லூமினல் பி, ஹெர்2 மிகுந்தது, பேசல் ஒத்தது என்று பிரிக்கும் இந்த முறையின் ஆய்வுப் பதிப்பில், ஒவ்வொரு மரபணுவின் இடைநிலை அளவும் முதலில் கழிக்கப்படுகிறது. தொகுப்பில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்களும் இல்லாதவர்களும் சரியான விகிதத்தில் இருந்தால் குழப்பமில்லை. ஏற்பி உள்ளவர்கள் மட்டுமே அடங்கிய தொகுப்பை வைத்துக் கழித்தால், அவர்களில் பாதிப் பேர் இடைநிலைக்குக் கீழே தள்ளப்பட்டு, ஏற்பி குறைந்தவர்களைப் போலத் தெரிவார்கள். சிலருக்கு வகையே மாறிவிடும். நோயாளியின் ஆர்என்ஏவில் ஒரு மாற்றமும் இல்லை, பக்கத்தில் நின்றவர்கள் மட்டுமே மாறினார்கள். எய்ம்ஸ் என்ற முறை இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது: ஒரே மாதிரிக்குள் இந்த மரபணு அந்த மரபணுவைவிட அதிகமா என்று இணை இணையாகக் கேட்பதால், அதற்குப் பக்கத்து நோயாளிகளே தேவையில்லை.

அளவுக்கு டிபிஎம் (TPM: பத்து லட்சம் ஆர்என்ஏ மூலக்கூறுகளில் ஒரு மரபணுவின் பங்கு) பயன்படுத்தலாம். அதனோடு 1 கூட்டி, 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுங்கள். ஆனால் டிபிஎம் ஒரு விகிதம் என்பதை மறக்க வேண்டாம். இரத்த மாதிரியில் ஹீமோகுளோபின் ஆர்என்ஏ பெரும்பங்கை எடுத்துக்கொண்டால் மற்ற எல்லா மரபணுக்களும் குறைந்ததாகத் தெரியும்.

7. மரபணு அளவில் விலகலைக் கணக்கிடுங்கள்

எளிய முறையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் தொகுப்பின் மூன்றாம் கால்மானத்தோடு, கால்மான வீச்சின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். நோயாளியின் அளவு அதைத் தாண்டினால் உயர் விலகல். ட்ரீஹவுஸ் குழு பயன்படுத்துவது டியூக்கி வகுத்த இந்த வரம்பைத்தான். அல்லது இடைநிலையிலிருந்து விலகலை, விலகல்களின் இடைநிலையை 1.4826-ஆல் பெருக்கிய மதிப்பால் வகுத்து, உறுதியான இசட் மதிப்பைப் பெறலாம். சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பயன்படுத்தினால், தொகுப்பிலேயே இருக்கும் சில தீவிர நோயாளிகள் சிதறலை வீங்கச் செய்து உங்கள் நோயாளியை மறைத்துவிடுவார்கள்.

தொகுப்பு சிறியதென்றால் இசட் மதிப்பை இயல்நிலைப் பரவலோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். சராசரியும் சிதறலும் தாமே மதிப்பீடுகள் என்பதால், திட்ட விலக்கத்தை √(1 + 1/n)-ஆல் (n என்பது தொகுப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கை) பெருக்கி, அதனால் விலகலை வகுத்து, டி பரவலைப் பயன்படுத்துங்கள். நரம்பு உளவியலில் கிராஃபோர்டும் ஹோவெல்லும் 1998-இல் தனி நோயாளிகளுக்காகப் பரிந்துரைத்த சோதனை இதுவே. வேறுபாடு சிறிதல்ல: 10 பேர் கொண்ட தொகுப்பில் இசட் 3 என்றால் இயல்நிலைப் பரவல் 0.0027 என்ற பி மதிப்பை (இவ்வளவு விலகல் தற்செயலாகவே வரும் வாய்ப்பை) தரும். சரியான கணக்கில் அது ஏறத்தாழ 0.019, அதாவது ஏழு மடங்கு.

பலர் சிக்குவது பலமடிச் சோதனைகளில்: ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சோதித்தால் சில தற்செயலாகவே விலகலாகத் தெரியும் என்பதால் பி மதிப்பைத் திருத்த வேண்டும். எந்தப் பரவலையும் அனுமானிக்காமல் தரவரிசையை மட்டும் நம்பினால், 50 பேர் கொண்ட தொகுப்பில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 51-இல் ஒன்று, அதாவது 0.0196. சுமார் 20,000 மரபணுக்களைச் சோதிக்கும்போது, தவறான கண்டுபிடிப்புகளின் விகிதத்தைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹோக்பர்க் திருத்தத்துக்குப் பிறகு 0.05-ஐ எட்ட வேண்டுமென்றால், 7,800-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒரே நேரத்தில் தொகுப்பின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். அதைவிடக் கடுமையான பான்ஃபெரோனி திருத்தமானால் தொகுப்பில் 4,00,000 பேர் தேவை. இரண்டும் நடக்காத காரியம். ஆகவே மருந்து இலக்குகளாக அறியப்பட்ட மரபணுக்களின் குறும்பட்டியலைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி, தேதியிட்டு வையுங்கள். சோதிக்கும் எண்ணிக்கை நூறுக்குள் வந்தால் கணக்கு நியாயமாகிறது.

கட்டி, இயல்புத் திசு என்று இரண்டே மாதிரிகள் உள்ளவர்கள், ரெப்ளிகேட்டுகள் (ஒரே நிலையின் பல மாதிரிகள்) இல்லாமல், குழு ஒப்பீட்டுக்கான டீசெக்2 (DESeq2) மென்பொருள் ஓடாது என்பதைக் கவனியுங்கள். அதன் புதிய பதிப்புகள் அதை அனுமதிப்பதில்லை. அதே வேலைக்கான எட்ஜ்ஆர் (edgeR) மென்பொருளின் கையேடு, மனிதத் தரவுக்கு உயிரியல் மாறுபாட்டுக் கெழுவை (மனிதருக்கு மனிதர் வெளிப்பாடு மாறும் அளவை) 0.4 என்று அனுமானிக்கும் வழியைச் சொல்கிறது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் வரும் பி மதிப்புகள் முழுவதும் அந்த 0.4-ஐச் சார்ந்தவை. 0.3, 0.4, 0.5 ஆகிய மூன்றிலும் ஓட்டி, மூன்றிலும் நிலைத்து நிற்கும் மரபணுக்களை மட்டும் எடுங்கள்.

8. செயல்பாதை அளவுக்குச் செல்லுங்கள்

ஒரு மரபணுவுக்கு ஒரே அளவுதான் இருக்கிறது. ஆனால் ஒரு செயல்பாதையில் (செல்லில் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் மரபணுக்களின் கூட்டத்தில்) பல மரபணுக்கள் இருப்பதால், அவற்றையே பல அளவீடுகளாகக் கொள்ள முடியும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவான என்-ஆஃப்-1-பாத்வேஸ் முறை, இணை மாதிரிகளில் ஒரு பாதையின் மரபணுக்கள் எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தனவா என்று வில்காக்சன் சோதனையால் கேட்கிறது. பாதைக்குள் சில மரபணுக்கள் உயர்ந்து சில தாழ்ந்தால் அந்தச் சோதனை காணாமல் விட்டுவிடும். பின்னர் வந்த மிக்ஸ்என்ரிச் அந்தக் குறையைக் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டது.

பொறி இங்கேயும் உண்டு. ஒரே பாதையின் மரபணுக்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. 100 மரபணுக்களிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.05 இருந்தாலே, அவற்றின் சராசரியின் மாறுபாடு, அவை சார்பற்றவை என்று கொண்டால் வரும் மாறுபாட்டைப் போல 5.95 மடங்காகிறது. அதைக் கணக்கில் கொள்ளாத பி மதிப்புகள் மிகச் சிறியதாகத் தெரியும். பி மதிப்பை நம்புவதைவிட, அதே பாதையின் மதிப்பெண்ணை ஒப்பீட்டுத் தொகுப்பின் ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு, உங்கள் நோயாளி அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது பாதுகாப்பானது.

ஒரு பாதைக்கு மாதிரிதோறும் ஒரு மதிப்பெண் தரும் ஜிஎஸ்விஏ, எஸ்எஸ்ஜிஎஸ்இஏ, சிங்ஸ்கோர் போன்ற முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது மற்ற மாதிரிகளைச் சார்ந்ததா என்று கேளுங்கள். ஜிஎஸ்விஏ சார்ந்தது, உடனிருக்கும் மாதிரிகள் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். எஸ்எஸ்ஜிஎஸ்இஏ அடிப்படையில் ஒரு மாதிரிக்குள்ளேயே தரவரிசையிடுகிறது. ஆனால் அதே பெயரில் ஆர் மொழிப் பொதியில் வரும் இயல்பு அமைப்பு, கடைசியில் எல்லா மாதிரிகளின் உச்ச–நீச வித்தியாசத்தால் வகுக்கிறது. அந்தச் சமன்படுத்தலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சிங்ஸ்கோர் முழுவதும் மாதிரிக்குள்ளேயே முடிவதால், தனி நோயாளிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். பாதைப் பட்டியலுக்கு எம்எஸ்ஐஜிடிபி (MSigDB) என்ற மரபணுத் தொகுதிகளின் தரவுத்தளத்திலுள்ள 50 ஹால்மார்க் தொகுதிகளோடு தொடங்குங்கள்; பதிவு செய்தால் இலவசம். கேஈஜிஜி (KEGG) என்ற மற்றொரு பாதைப் பட்டியலை வணிக நிறுவனத்தில் பயன்படுத்துவதானால் உரிமம் பெற வேண்டும்.

9. முடிவை உலுக்கிப் பாருங்கள்

மூன்று சோதனைகள் கட்டாயம். ஒப்பீட்டுத் தொகுப்பின் ஒவ்வொரு உறுப்பினரையும் வெளியே எடுத்து, அவரையே நோயாளியாகக் கொண்டு முழுப் பகுப்பாய்வையும் ஓட்டுங்கள். சராசரியாக ஒருவருக்கு 300 விலகல்கள் வருகின்றன என்றால், உங்கள் நோயாளிக்கு வந்த 320 ஒன்றும் சிறப்பில்லை. அடுத்து, தொகுப்பிலிருந்து ஐந்தில் நான்கு பங்கைத் தற்செயலாக எடுத்துப் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு மரபணுவும் எத்தனை விழுக்காடு முறை விலகலாகத் தெரிகிறது என்று எண்ணுங்கள். மூன்றாவதாக, வரிசைத் துணுக்குகளைப் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள். குறைந்த வெளிப்பாடுள்ள மரபணுக்கள் அப்போது மறைந்தால் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

10. செலவையும் காலத்தையும் திட்டமிடுங்கள்

மேலே சொன்ன மென்பொருட்கள் எல்லாம் ஆய்வுக்கு இலவசம். வரிசைத் துணுக்குகளை மரபணுவாரியாக எண்ணும் காலிஸ்டோ, சால்மன் போன்றவை நல்ல மடிக்கணினியிலேயே ஓடும். துணுக்குகளை மரபணுத்தொகையில் பொருத்தும் ஸ்டார் மென்பொருளுக்கு மனித மரபணுத்தொகைக்குச் சுமார் 30 ஜிபி நினைவகம் வேண்டும். அதற்காகக் கணினி வாங்குவதைவிட மேகக் கணினியை மணிக்கணக்கில் எடுப்பது மலிவு. டாயில் குழு 2017-இல் தெரிவித்த கணக்கின்படி ஒரு மாதிரிக்குச் சுமார் 1.30 டாலர்தான் ஆனது. ஆக, பணம் கணினியில் போவதில்லை. ஆய்வகத்திலும், மீண்டும் எடுக்க நேரும் பயாப்சியிலும் போகிறது.

கால அட்டவணையில் நெறிமுறைக் குழுவுக்கு மாதங்களை ஒதுக்குங்கள். அந்தக் காத்திருப்பு வீணல்ல: அந்த நாட்களில் திறந்த தரவை இறக்கி, ஒப்பீட்டுத் தொகுப்பை உறைய வைத்து, ஒன்பதாம் படியின் சோதனைகளை முடித்துவிடலாம். நோயாளியின் கோப்பு வந்த பிறகு எஞ்சியிருக்க வேண்டிய வேலை சில நாட்களுக்குரியது மட்டுமே. முற்றிய புற்றுநோயாளிக்கு அந்த நாட்கள் மிகவும் பெரியவை என்பதால் இந்த வரிசையை நான் வலியுறுத்துகிறேன்.

11. அறிக்கை எழுதுங்கள்

மருத்துவக் குழு படிக்கப்போவது முதல் பக்கத்தை மட்டுமே. அதில் கட்டிச் செல் விழுக்காடு, ஆர்என்ஏ தரம், ஒப்பீட்டுத் தொகுப்பு எது, அதில் எத்தனை பேர், நிலைத்து நின்ற விலகல்கள் எவை என்பவை இருக்கட்டும். பி மதிப்பைவிட, இத்தனை பேரில் இவர் எத்தனையாவது என்று எழுதினால் மருத்துவருக்கு உடனே புரியும்.

உயர்ந்திருக்கிறது என்பதும் அந்த மருந்து வேலை செய்யும் என்பதும் ஒன்றல்ல. ட்ரீஹவுஸ் குழுவின் 2019 ஆய்வில் 144 மாதிரிகளில் 99-இல் வெளிப்பாட்டுத் தகவல் பயன்படக்கூடியது என்று கருதப்பட்டது. அத்தனை நோயாளிகளும் குணமடைந்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இஆர்பிபி2 (ஹெர்2 புரதத்துக்கான மரபணு) உயர்ந்திருந்தால், திசுச் சாயமேற்றும் சோதனையும், தேவைப்பட்டால் மரபணுவின் படிகளை எண்ணும் ஃபிஷ் (FISH) சோதனையும் செய்து உறுதிப்படுத்தும்படி எழுதுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்கும் சோதனை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நடக்க வேண்டும். இந்தியாவில் என்ஏபிஎல் (NABL) அங்கீகாரத்தையும் அமெரிக்காவில் கிளியா (CLIA) சான்றிதழையும் கேட்பார்கள். உங்கள் அறிக்கை ஆய்வு நோக்கிலானது என்றால் அதை ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, மென்பொருட்களின் பதிப்பு எண்கள், ஜென்கோடு பதிப்பு, உறைய வைத்த ஒப்பீட்டுக் கோப்பு, முன்கூட்டியே தேதியிட்ட மரபணுக் குறும்பட்டியல், நீக்கிய மரபணுக்களும் நீக்கிய காரணமும் ஆகிய அனைத்தையும் நோயாளியின் குறியீட்டு எண்ணோடு ஒரே கோப்புறையில் சேமியுங்கள். நோய் திரும்பி அதே நோயாளியிடமிருந்து இரண்டாவது மாதிரி வரும்போது, முதல் மாதிரியோடு அதை ஒப்பிட அந்தக் கோப்புறை தேவைப்படும்.